ஊறிப்போன திமிங்கலம்

மறுநாள் அக்காவுக்கு இருதய ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தாள். தைரியம் சொல்லப் போனவர்கள் எல்லாம் போன வேகத்தில் திரும்பினார்கள்.

தம்பி குழாய் வேலைக்காரன்; தேற்றிப் பேச அவனுக்கு வராது. பரண்மேல் ஏறி, ஒரு பழைய தகர டப்பாவை இறக்கினான். சிறுவயதில் இருவரும் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிச் சேர்த்த விளையாட்டுக் கார்டுகள். அக்காவுடையது நெருப்புக் கட்டு. அவனுடையது தண்ணீர்க் கட்டு. ஜெயித்ததெல்லாம் தண்ணீர்தான்.

"நாள் பூரா தண்ணியோட மல்லுக்கட்டுறது போதலையா? வீட்டுலயும் தண்ணியா?" என்றாள் மனைவி.

"இது அக்காவுக்கு. இன்னிக்காவது அவ ஜெயிக்கட்டும்."

சுறா, கடலாமை, முதலை என்று எடுத்து அடுக்கினான். பெரிய மிருகத்தைக் களத்தில் இறக்க ஊற்றுக் கார்டுகள் கையில் இருக்க வேண்டும். அந்த நாளில் ஆசைப்பட்டு மிருகங்களாகவே திணிப்பான். ஊற்று இல்லாமல் கட்டு வறண்டு நிற்கும். இன்று ஊற்றுகளைத் தாராளமாக வைத்தான். கடைசியில் திமிங்கலத்தைச் சேர்த்தான்; அதற்கு மட்டும் ஊற்றே வேண்டாம், கைக்கு வந்தால் ஆட்டம் ஜெயித்த மாதிரிதான்.

அந்தத் திமிங்கலத்துக்கு ஒரு கதை உண்டு. சின்னப் பையனாக இருந்தபோது, தாகமாக இருக்கும் என்று இவன் அதை வாளியில் நீந்தவிட்டான். அக்கா அதைத் துடைத்து, அரிசி டின்னுக்கு அடியில் வைத்து அழுத்தினாள். காய்ந்தது, ஆனால் உப்பல் போகவில்லை.

கட்டைக் கலைத்தபோது விரல் ஓரிடத்தில் தட்டி நின்றது. குழாய் மரையில் மயிரிழைப் பிசகையும் தடவிக் கண்டுபிடிக்கிற விரல். பிரித்தான், திமிங்கலம். மறுபடி கலைத்தான், மறுபடியும் திமிங்கலம்.

ஒருவர் கலைத்தால், எதிராளி கட்டை இரண்டாகப் பிரித்து மேல்கீழாக மாற்றி வெட்டித் தர வேண்டும் என்பது ஆட்ட விதி. இவன் கட்டை வெட்டித் தந்தது எப்போதும் அக்காதான். திமிங்கலமும் எப்போதும் முதலிலேயே இவன் கைக்கு வரும். 'எனக்கு ராசிக்கை' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தானே! நம் அதிர்ஷ்டம் என்று நாம் நினைப்பதில் எவ்வளவு, யாரோ விரலால் தடவித் தந்தது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். டப்பாவை மூடிக்கொண்டு கிளம்பினான்.

"ஒரு ஆட்டம் போடலாமாக்கா?"

கட்டில் மேசையைத் தள்ளி, அவள் முன் தண்ணீர்க் கட்டை வைத்தான்; நெருப்புக் கட்டைத் தான் எடுத்துக்கொண்டான். அக்கா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். அரைமனதாகக் கலைத்துக் கொடுத்தாள். அவன் தடவித் தடவி வெட்டினான். கைக்கார்டுகளை எடுத்தவள் முதலில் இருந்த திமிங்கலத்தைப் பார்த்தாள், அவனையும் பார்த்தாள்.

"அடத் திருட்டுப்பயலே!"

"என்னக்கா?"

"நான் வெட்டினப்போ ஒருநாளாவது உனக்குத் தெரிஞ்சுதாடா? நீ முழிக்கிற முழியில பக்கத்துக் கட்டிலுக்கே தெரிஞ்சுபோச்சு!"

பக்கத்துக் கட்டில் அம்மா போர்வைக்குள் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள்; கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அதற்குள் நர்ஸ் சக்கர நாற்காலியோடு வந்தாள், ஸ்கேனுக்கு அழைத்துப் போக. அக்கா கையிலிருந்த கார்டுகளைக் கவிழ்த்து வைத்தாள்.

"பார்த்துடாதே. ஆபரேஷன் முடிஞ்சு வந்து நான்தான் ஆடணும்."

அவள் போனதும், தம்பி அந்தக் கார்டுகளைத் திருப்பாமலேயே கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.