மாமன் மடி

கரியப்பனுக்குச் சித்திரை, வைகாசி என்றெல்லாம் மாதக் கணக்கு கிடையாது. சந்தைக் கணக்குதான். சங்கராந்திக்குச் சுஞ்சனகட்டே, அது முடிந்தால் முடுக்குத்தொரே, பங்குனியில் நஞ்சன்கூட்டுத் தேர், மழை விட்டதும் மைசூர் தசரா. எந்த ஊரில் சாமி புறப்பட்டாலும் பக்கத்தில் மாடு விற்க ஒரு மைதானம் இருக்கும். அங்கே கரியப்பன் இருப்பான். அவன் போகாமல் விட்ட ஒரே விசேஷம், சொந்த அக்கா மகளின் மொட்டை.

அந்த அக்காதான் மாதம்மா. ராமாபுரத்தில் பிறந்து மைசூர் நஜர்பாத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் ரத்தினசாமிக்கு அரண்மனை லாயத்தில் குதிரைகளுக்குப் புல் போடுகிற வேலை. ஒரே மகள் மல்லி. ஐந்து வயதாகிறது, தலையில் இன்னும் கத்தி படவில்லை. முதல் முடியை மாதேஸ்வரன் மலையில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் இறக்க வேண்டும். அதுவரை கத்தரியும் ஆகாது, சீப்பும் ஆகாது. அவர்கள் வீட்டுக் கட்டுப்பாடு அப்படி. மடி கொடுத்தவன்தான் பிறகு காது குத்துக்கும் கல்யாணத்துக்கும் சீர் கொண்டுவந்து முன்னால் நிற்கிற மாமன்.

பிள்ளையின் முடி சிக்குப் பிடித்துக் கயிறு கயிறாகத் தொங்கியது. பேன் கடி தாங்காமல் ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டு அழுதாள். தெருப்பிள்ளைகள் 'ஜடெமுனி, ஜடெமுனி' என்று கூப்பிட்டுவிட்டு ஓடின. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரி லிங்கம்மா ஒரு நாள் கத்தரியோடு வந்தே விட்டாள்.

"பாப்பா பாவம் கணம்மா. யாருக்கும் சொல்லமாட்டேன், கட் பண்ணிடலாம்."

"என்ற தம்பி வருவான் லிங்கம்மா. இந்தத் தடவை வந்துருவான்" என்று மாதம்மா அவளைத் திருப்பி அனுப்பினாள்.

சிவராத்திரிக்கு மலைக்குப் போகலாம் என்றால், முடுக்குத்தொரேயில் மாடு நிற்கிறது என்பான். யுகாதிக்கு என்றால், நஞ்சன்கூட்டுத் தேர் முடியட்டும் என்பான். போன தீபாவளிக்கு அவள் மூட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஆள் வரவே இல்லை. ஆனால் தசராவுக்கு மட்டும் தவறமாட்டான். வண்டி நிறைய ஊர்ச்சனத்தை ஏற்றி வந்து அக்கா வீட்டில் இறக்குவான். அத்தனை பேருக்கும் களி கிண்டிப் போட்டு, யானை பார்த்து வந்த கால்களுக்கு வெந்நீரும் வைப்பது மாதம்மாவின் வேலை.

இந்த வருஷம் அவள் முன்கூட்டியே பேசிவிட்டாள். ஜம்பு சவாரி என்கிற யானை ஊர்வலம் முடிந்த மறுநாள், அவன் வண்டியிலேயே அவளும் பிள்ளையும் கிளம்புவது. கொள்ளேகால், ஹனூர் வழியாக ராமாபுரம் போய் இருந்துவிட்டு, தீபாவளி அமாவாசைக்கு மலை ஏறுவது. கரியப்பனும் மலைச்சாமி மாதப்பன்மேல் ஆணை என்றான். அதை நம்பி அவள் விரதம் பிடித்தாள். வீட்டில் கவுச்சி சமைக்கவில்லை. மலையில் பொங்கல் வைக்கப் புதுப்பானை வாங்கித் துணி சுற்றி வைத்தாள்.

சவாரி முடிந்த மறுநாள் காலையில் கரியப்பன் கழுத்தில் மாலையோடு வந்தான். கையில் சர்க்கரைப் பொட்டலம்.

"அக்கா, வாயத் தெற!"

"என்னடா இது கோலம்?"

"வாயத் தெறங்கறேன். மாட்டுக் காட்சியில நம்ம ஜோடிக்குத்தான் பதக்கம்! ஆலம்பாடிக் காளைன்னா சும்மாவா? துமகூர்க் கவுடர் ஒருத்தர் பார்த்தார், மயங்கிப்போனார். அங்கயே பிடிச்சுக் குடுத்துட்டேன். வண்டியும் சேத்தி."

மாதம்மாவின் வாயில் விழுந்த சர்க்கரை அப்படியே நின்றது.

"வண்டியுமா?"

"மாடில்லாத வண்டிய நானா இழுக்கறது? கவுடர் அவுங்கூர்ல நல்ல கன்னு இருக்குது, வந்து பாருங்கறார். இன்னிக்கே கெளம்பறேன்."

"அப்ப நானும் புள்ளையும்?"

"சிவராத்திரிக்குப் போய்க்கலாம். மாதப்பன் மலைய விட்டு எறங்கி ஓடிருவாரா என்ன?"

"அவர் ஓடமாட்டார்டா. நீதான் ஓடறே. நாலு வருசமா ஓடிட்டே இருக்கறே."

கரியப்பன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு ஆகவே ஆகாது. "அவ்வளவு அவசரம்னா நஞ்சன்கூட்டுக்கு ரயிலேறு. ஆத்தங்கரையில நாவிதன் இருக்கறான். நான் மடி குடுத்துட்டு அப்படியே போயிடறேன். அங்கயும் சிவன்தானே?"

"கவுடருக்கு உன்ற காளைக்குப் பதிலா ஒரு கெழட்டு மாட்ட ஓட்டி விடறதுதானே? அதும் மாடுதானே?"

உள்ளே இருந்து ரத்தினசாமி எட்டிப் பார்த்தான். "விடு மாதம்மா. சிவராத்திரிக்கு மச்சான் கண்டிப்பா வருவார்."

"நீங்க போயிக் குதிரைக்குப் புல்லுப் போடுங்க. அதாவது கேக்கும்."

"சும்மா குதிக்காதக்கா" என்றான் கரியப்பன், பொட்டலத்தை மடித்துக்கொண்டே. "எத்தனை குதிச்சாலும் என்ற மடி இல்லாம மொட்டை ஆகுமா? நான் வர்றப்பத்தான் ஆகும்."

மாதம்மா பானையை எடுத்துத் தலையில் வைத்தாள். மூட்டையை இடுக்கிக்கொண்டாள். பிள்ளையைக் கையில் பிடித்துத் தெருவில் இறங்கினாள். பஸ்ஸுக்குப் போகிறாளாக்கும் என்று கரியப்பன் வேடிக்கையாகப் பின்னால் வந்தான். அவள் பஸ்ஸுக்குப் போகவில்லை. ராமாபுரத்து வண்டிகள் அவிழ்த்துப் போட்டிருந்த மைதானத்துக்குப் போனாள். ஜடையன் வண்டியின் முன்னால் போய் நின்றாள்.

ஜடையன் அவர்களுடைய பெரியப்பன் மகன். பொதுக்கிணற்றுத் தண்ணீர் முறையில் சண்டை வந்ததிலிருந்து கரியப்பனுக்கும் அவனுக்கும் பேச்சு இல்லை. எதிரில் வந்தால் காறித் துப்புகிற பகை.

"ஜடையண்ணா, என்ற புள்ளைக்கு நீ மடி குடு."

நுகத்தடியைத் தூக்கியவன் அப்படியே கீழே வைத்தான். "தெரிஞ்சுதான் கேக்கறயா அம்மிணி? உன்ற தம்பி என்னைய வெட்ட வருவான்."

"வந்தா நான் பாத்துக்கறேன்."

"மடி குடுத்தா மடியோட போகாது. காது குத்துக்கும் கல்யாணத்துக்கும் நான்தான் மாமன். தம்பி அழுகறான், தாயாதி அழுகறான்னு பொறகு மாத்தக் கூடாது."

"மாத்தமாட்டேன்."

"கேள்வி என்ன வேண்டிக் கெடக்குது?" என்று ஜடையன் பெண்டாட்டி ராமக்காள் வண்டிக்குள்ளிருந்து கை நீட்டினாள். "புள்ளையக் குடு, ஏறு."

கரியப்பனின் முகம் அப்போதுதான் மாறியது. "அக்கா! எவன் வண்டியில ஏறறேன்னு தெரியுதா? எறங்கு. நான் வாரேன். கவுடர்கிட்டச் சொல்லிட்டு இப்பவே வாரேன்."

"வண்டியில எடமில்ல" என்றாள் மாதம்மா.

கவுடரிடம் அவன் என்ன சொன்னானோ தெரியாது. வண்டி நகர எல்லையைத் தாண்டும்போது மூச்சு வாங்கப் பின்னால் வந்துகொண்டிருந்தான். கொள்ளேகாலிலும் நடையாகப் பின்னால்தான். ராமாபுரத்தில் தன் வீட்டுக்குப் போகாமல் அமாவாசை வரும்வரை ஜடையன் வீட்டு வேலிக்கு வெளியே படுத்தான். யாரும் விரட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. மலையடிவாரத்துத் தாளபெட்டாவில் வண்டிப்பாதை முடிந்து காட்டுவழி ஏறியபோது மல்லி நடக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். கரியப்பன் வந்து அவளைத் தோளில் தூக்கிக்கொண்டான். மாதம்மா பார்த்துக்கொண்டு நடந்தாள், தடுக்கவில்லை. அவள் மனசு இளகிவிட்டது என்று அவன் நினைத்திருக்க வேண்டும். பரிசை கட்டி யாத்திரையாக வந்த சனத்தோடு சேர்ந்து 'உகே மாதப்பா' என்று எல்லாரையும்விட உரக்கக் கத்தினான்.

மலையில் நாவிதன் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டான். "மாமன் யாருங்க?"

கரியப்பன் ஈரத்துண்டோடு முன்னால் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கால்கள் வீங்கி, விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தன. ஜடையன் நின்ற இடத்தில் நின்றுகொண்டு மாதம்மாவையே பார்த்தான்.

அவள் தம்பியின் கால்களைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். அடுத்த சங்கராந்திக்கு அவன் சுஞ்சனகட்டேயில் இருப்பான். காது குத்து, முடுக்குத்தொரே முடியட்டும் என்று தள்ளிப்போகும்.

"எந்திரி கரியா" என்றாள். "ஜடையண்ணா, ஒக்காரு."

கரியப்பன் எழுந்திருக்க நேரமாயிற்று. பக்கத்தில் இருந்தவர்கள்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள்.

முதல் கற்றை விழுந்ததும் மல்லி வீறிட்டாள். ஜடையன் மடியிலிருந்து திமிறிக்கொண்டு, இரண்டு கைகளையும் கரியப்பன் பக்கம் நீட்டி, "மாமா! மாமா!" என்று அலறினாள். கரியப்பன் ஒரு அடி எடுத்து வைத்தான்.

"அங்கயே நில்லு" என்றாள் மாதம்மா.

பிள்ளையின் கைகளைப் பிடித்து ஜடையன் கழுத்தைச் சுற்றி வைத்தாள். "அழுகாத கண்ணு. உன்ற மாமன் இங்க இருக்கறார்" என்று சொல்லிவிட்டு, நாவிதனைப் பார்த்து, "நீங்க எறக்குங்க" என்றாள்.