கேமராவுக்குத் தெரிந்த முகம்

மாரிராஜுக்குத் தன் கேமராவின் மேல் அப்படியொரு கர்வம். ஏரல் பக்கம் எந்தக் கல்யாணம் என்றாலும் வீடியோ அவன்தான். மண்டபப் புழுக்கத்தில் வாடிப்போன மணப்பெண்ணையும் அம்மன் மாதிரி காட்டிவிடுவான். ஆனால் வீட்டில் அக்கா முத்துராணிக்கு முப்பது தாண்டியும் ஒரு வரனும் திகையவில்லை. கடைசியாக வந்தவர்கள் செல்போனில் பார்த்துவிட்டு, பெண் மங்கலாக இருக்கிறாள் என்று கழன்றுகொண்டார்கள்.

இந்த முறை மாப்பிள்ளை தாணுமாலையன் மஸ்கட்டில் இருந்தான். வீடியோ காலில் பார்த்துப் பேசுவான். பிடித்திருந்தால் அவன் அம்மா பூ வைக்க வருவாள் என்று ஏற்பாடு.

"செல்போன் வேண்டாம்க்கா. எங் கேமராவ லேப்டாப்புல மாட்டிருதேன். எப்பிடித் தெரியுதன்னு பாரு" என்றான் மாரிராஜ்.

சொன்னபடி செய்தான். ஜன்னலோரம் நாற்காலி போட்டு, பச்சைப் பட்டில் அக்காவை உட்காரவைத்தான். பின்னால் இருந்த பீரோவும் துணிக்கொடியும் மங்கிப்போய், அவள் முகம் மட்டும் பளிச்சென்று நின்றது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று அலுத்த முகம் என்று யாரும் சொல்ல முடியாது. திரையில் தன்னைப் பார்த்து அவளே வெட்கப்பட்டாள்.

பேச்சு தொடங்கியதும் அவள் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். தங்கை இசக்கித்தாய் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையைப் பார்க்கும் ஆசையில் பீரோவில் சாய்ந்து நின்றுகொண்டாள். திரையின் மூலையில் சின்னதாகத் தெரிந்த தங்கள் படத்தை மாரிராஜ் கவனிக்கவே இல்லை. மாப்பிள்ளை முகத்தில் சிரிப்பு வருகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தான். வந்தது. மடையன், மாரிராஜும் கூடச் சிரித்தான்.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா போனில் பேசினாள். "தப்பா எடுத்துக்கிடாதிய. பின்னால நின்ன சின்ன பிள்ளையத்தான் அவனுக்குப் பிடிச்சிருக்கு. பெரிய பிள்ள முகம் கலங்கலால்லா தெரிஞ்சுது!"

மாரிராஜ் கேமராவை எடுத்து அதன் மெனுவைத் துழாவினான். ஒரு முகத்தைப் பதிந்துவைத்தால், எத்தனை பேர் நின்றாலும் அதையே தேடித் தெளிவாகக் காட்டும் கேமரா அது. அப்படிப் பதிந்துவைத்த முகம் ஒன்றே ஒன்று இருந்தது. இசக்கித்தாய். பாளையங்கோட்டையில் கல்லூரி விழாவில் அவள் ஆடியபோது, கூட்டத்தில் அவளை மட்டும் விடாமல் பிடிக்கட்டும் என்று அவனே பதிந்தது. அவள் பின்னால் வந்து நின்றதும், கேமரா அக்காவை விட்டுவிட்டு அவளுக்குத் தாவியிருக்கிறது. பதிந்த முகத்தை அழிக்க ஒரு நிமிஷம் ஆகாது. அவனுக்குத் தோன்றவில்லையே!

இசக்கித்தாய் அழுது தீர்த்தாள். அந்தச் சம்பந்தமே வேண்டாம் என்றுவிட்டாள்.

உள்ளறையில் அக்கா பச்சைப் பட்டை மடித்துக்கொண்டிருந்தாள். மாரிராஜ் நடந்ததைச் சொன்னான். "எந் தப்புதான்க்கா. கேமரா இசக்கி முகத்தத் தேடிப் பிடிச்சிட்டு."

"அது என்ன செய்யும் லே?" என்றாள் அவள், கோபமே இல்லாமல். "நாந்தான் அத ஒனக்கு வாங்கித் தந்தேன். ஒரு நாளாச்சும் என்னைய நிக்கவச்சு எடுத்திருக்கியா?"

மாரிராஜ் ஊர்ப் பெண்களையெல்லாம் ஓடி ஓடி எடுத்தவன். அவசரமாகக் கேமராவைத் தூக்கினான்.

"இப்பம் ஒம் முகத்தப் பதிஞ்சிருதேன்க்கா. நேரா பாரு."

அவள் நிமிரவில்லை. சேலையின் மடிப்பைக் கையால் நீவினாள்.

"இனிம யாருக்குலே காட்டப்போற?"