நான்காவது வரிசை

நான் ஒரு உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். ஒரு நட்டு குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று அங்கே எனக்குப் பெயர். அந்தத் திமிரில்தான் வீட்டு வரவு செலவையும் எக்செலில் ஏற்றினேன். சகலை எனக்கு ‘நிதி மந்திரி’ என்று பட்டம் கொடுத்தார். கிண்டல்தான். இருந்தாலும் உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

மாதாமாதம் ஆறாயிரம் ஏழாயிரம் துண்டு விழுவதாகத்தான் ஷீட் காட்டியது. ஆனால் ஒரு மாதமும் கடன் வாங்கியதில்லை. அதெப்படி என்று மூளையுள்ள எவனும் கேட்டிருப்பான். நானோ, எல்லாம் என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவி ஹால் மூலையில் தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக் கொடுத்தாள். மாதக் கடைசியில் எவ்வளவு வந்தது என்று சொல்லுவாள். தலைப்பு, சம்பளம், ஓவர்டைம் மூன்றுக்கும் கீழே, நான்காவது வரிசையில், ‘தையல்’ என்று போட்டுவைப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அக்காவும் சகலையும் வந்திருந்தார்கள். பேச்சுவாக்கில் அக்கா, “என்ன இருந்தாலும் என் தங்கச்சி தைக்கிற காசுலதான தம்பி உங்க வண்டி ஓடுது?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. லேப்டாப்பைத் திறந்தேன்.

“இங்க பாருங்க. தையல், ஆறாயிரத்து நானூறு. இப்ப அழிக்கிறேன். மொத்தம் மாறுதா?”

மாறவில்லை. அழித்தும் அசையாத எண்ணைப் பார்த்து ஒரு ஸ்டோர் கீப்பருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஜெயித்தவனுக்கு எங்கே வரும்? “இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்” என்றேன். சகலை சிரித்தார். என் மனைவி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் தைக்க வந்த துணிகளைத் திருப்பிக் கொடுத்தாள். அந்த மாதமே மெஷினையும் விற்றாள். “ஹால் இப்பதான் ஹால் மாதிரி இருக்கு” என்றேன். அவள் மெஷின் இருந்த மூலையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு இருபதாம் தேதியே கை காய்ந்துபோனது. ஷீட்டில் என்னவோ அதே துண்டுதான். “காய்கறிக்கு இவ்வளவா? பார்த்துச் செலவு பண்ண மாட்டியா?” என்று அவளிடம்தான் எகிறினேன். மூன்றாவது மாதம் வாடகைக்குச் சகலையிடம் கை நீட்டினேன்.

மறுநாள் கிடங்கில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஷீட்டைத் திறந்து ஒவ்வொரு கட்டமாகச் சொடுக்கிப் பார்த்தேன். வரவின் கூட்டல் இரண்டாவது வரிசையில் தொடங்கி மூன்றாவதோடு நின்றிருந்தது. முதல் மாதத்தில் செய்த தப்பு. அதையே பிரதி எடுத்துப் பிரதி எடுத்து மூன்று வருடம் ஓட்டியிருக்கிறேன். நான்காவது வரிசையையும் சேர்த்ததும் பழைய மாதங்களின் துண்டெல்லாம் காணாமல் போனது.

காது மடல் சுட்டது. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர், “என்னண்ணே, காரமா?” என்று தண்ணீரை நகர்த்தினார்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேனா? இல்லை. சத்தமில்லாமல் திருத்திவிட்டு நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவளுக்குச் சூத்திரமெல்லாம் தெரியாது, தப்பித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இதை எழுதவே கூசுகிறது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் கடைக்குப் போய் வந்தவள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

“பக்கத்துத் தெரு சலவைக் கடையில தேய்க்க ஆள் கேக்குறாங்க. நாள் பூரா நிக்கணுமாம். போகட்டுமா?” கொஞ்சம் தயங்கினாள். “மாசச் சம்பளம்தான். சம்பளம்னா உங்க கணக்குல ஏறும்ல?”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவளை உட்காரவைத்து லேப்டாப்பைத் திறந்து காட்டினேன்.

“தப்பு என்னோடது. உன் காச நான் கூட்டவே இல்ல. மூணு வருஷமா இந்த வீடு அதுலதான் ஓடியிருக்கு.”

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“என் காசுக்குத்தான் ராசி இல்லன்னு நெனச்சேன்” என்றாள். “மெஷின வாங்க வந்த பொண்ணுகிட்டயும் அதச் சொல்லித்தான் வெலயக் கொறச்சுக் குடுத்தேன்.”