செல்லத்துரை கை வைத்த புல்லட்

சங்கத்து புல்லட் வலங்கைமான் சாலையில் மறுபடியும் நின்றுபோனது. ரெத்தினம் அதை வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தான். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு அவன் செயலாளர். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு, சம்பா அறுப்புக்கு யாரும் பண்ணை வயலில் இறங்காமல் இருந்த நேரம். தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை வைத்திருந்தார்கள். அதற்குள் பல ஊர்களுக்குப் போய் ஆட்களைக் கலந்துகொள்ள வேண்டும்.

"தம்பியக் கூப்பிடவா?" என்றாள் அவன் மனைவி அம்சவல்லி.

ரெத்தினம் மறுபடி கிக்கரை உதைத்துப் பார்த்தான். அவள் தம்பி செல்லத்துரை பண்ணையில் டிராக்டர் டிரைவர். வெளியூர் ஆட்களை டிரெய்லரில் ஏற்றிவந்து வயலில் இறக்கியது அவன்தான். அன்றிலிருந்து மாமன் மச்சானுக்குள் பேச்சில்லை.

அவளே போய்க் கூப்பிட்டாள். காலையில் வந்தவன் நேராக வண்டியருகே உட்கார்ந்து எஞ்சினைத் தொட்டுப் பார்த்தான். ஆறியிருந்தது. கிக்கரை மிதித்தான், அமுக்கமே இல்லாமல் இறங்கியது.

"வால்வு டேப்பெட்ட யாரு முறுக்குனது?"

"நான்தான். டக்டக்குன்னு அடிச்சுது, இறுக்கிட்டேன்."

"சத்தம் நின்னுடும். ஆனா சூடானா வால்வு சரியா மூடாது. அப்புறம் எப்படி ஓடும்?"

பிளக்கைக் கழற்றி, சிலிண்டர் ஓரத்து மூடியைத் திறந்தான். ரெத்தினம் கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தினான்.

"இன்னும் கொஞ்சம். நிறுத்துங்க."

பிஸ்டன் உச்சிக்கு வந்திருந்தது. செல்லத்துரை உள்ளேயிருந்த டேப்பெட் கம்பியை விரலால் உருட்டினான், அசையவில்லை. நட்டைத் தளர்த்தி, கொஞ்சம் இறக்கினான்.

"இப்ப உருட்டிப் பாருங்க மச்சான். சுத்தணும், மேலயும் கீழயும் ஆடக்கூடாது."

சுற்றியது. நட்டை இறுக்கியதும் மறுபடி பிடித்துக்கொண்டது. திரும்பத் தளர்த்தி, ரெத்தினம் ஒரு ஸ்பேனரை அசையாமல் பிடிக்க, செல்லத்துரை இன்னொன்றால் இறுக்கினான். சரியாக நின்றது. அடுத்த கம்பியையும் அப்படியே வைத்து மூடினார்கள். உதைத்ததும் வண்டி கிளம்பியது.

சாப்பிடும்போது செல்லத்துரை சொன்னான்: "நாளைக்கும் ஆள் ஏத்தத்தான் போவேன். என் வேல அது."

"தெரியும்."

ஆனால் அவனால் போக முடியவில்லை. பண்ணைக் காரியக்காரர் உலகநாதனுக்குச் சேதி எட்டிவிட்டது. "சங்கத்து வண்டிய சரி பண்றவன் இங்க எதுக்கு?" என்று டிராக்டர் சாவியை வாங்கிக்கொண்டார்.

பேச்சுவார்த்தையில் ரெத்தினம் முதலில் செல்லத்துரையின் வேலையைத்தான் திருப்பிக் கேட்டான். உலகநாதன் தாசில்தாரைப் பார்த்துப் பேசினார்.

"கூலியக் கூட்டித் தர்றோம். அந்தப் பையன மட்டும் சேர்க்க மாட்டோம். ரெண்டுல ஒண்ணப் பேசச் சொல்லுங்க."

பின்னால் நின்ற அறுப்புக்காரி கண்ணாத்தாள் சொன்னாள்: "கதிரு உதிருதுப்பா, ரெத்தினம்."

அவன் கூலி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான்.

வீட்டில் சொன்னபோது அம்சவல்லி, "நீங்களே போய் அவங்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

போனான். செல்லத்துரை முழுவதும் கேட்டுக்கொண்டான்.

"எங்கம்மாவும் அந்த வயல்லதான் அறுக்குது. அதுக்கும் கூலி கூடத்தான வரும்? நீங்க செஞ்சது தப்புன்னு சொல்லல. ஆனா எனக்கு ஆத்தாமையா இருக்கு மச்சான். இப்ப போங்க."

அறுப்பு முடியுமுன் பூதலூர் அரிசி ஆலையில் லாரி ஓட்டப் போய்விட்டான். சித்திரையில் அக்காவைப் பார்க்க வந்தபோது ரெத்தினம் வீட்டில் இருந்தான்.

"லாரி எப்படி இருக்கு?"

"பாரம் ஏத்துனா இழுக்க மாட்டேங்குது" என்றபடி செல்லத்துரை அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.