தண்ணீரைத் தட்டிவிட்டவன்

பாரிவாக்கம் மணவாள முதலியாரிடம் கார் ஓட்டிய இக்னேஷியஸை எல்லோரும் இன்னாசி என்றுதான் கூப்பிட்டார்கள். பூந்தமல்லியில் மாதாகோயிலுக்குப் பின்னால் இருந்த சேரியில் அவன் வீடு. முப்பத்தாறாம் வருஷத்தில் அந்தப் பக்கத்துச் சேரிகளில் கார் ஓட்டத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

கார், சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை விற்றது. அதில் பெட்ரோல் டேங்க் முன்கண்ணாடிக்குக் கீழேயே இருந்தது. அங்கிருந்து மெல்லிய செம்புக் குழாய் வழியாகப் பெட்ரோல் தானாக எஞ்சினுக்கு இறங்கும். அந்தக் குழாயின் மூட்டு விரிந்துபோய்ச் சித்திரை மாதத்திலிருந்தே சொட்டிக்கொண்டிருந்தது.

"எசமான், கொழாய் ஒழுவுது. பட்டணத்துக்கு எடுத்துகினு போயி மாத்தணும்," என்று இன்னாசி சொன்னான்.

"சோப்பு வச்சி அடைடா. ஊர்ல அவனவன் அப்டித்தான் ஓட்டிகினு கீறான்."

இன்னாசி பார் சோப்பைப் பிசைந்து மூட்டில் அப்பி, துணி சுற்றிக் கட்டினான். எஞ்சின் சூட்டில் அது இரண்டு நாள் நிற்கும். மூன்றாம் நாள் மறுபடி சொட்டும். தினமும் காலையில் வண்டிக்கு அடியில் சிந்தியிருந்ததன்மேல் மண்ணைப் போட்டுப் பெருக்கித் தள்ளிய பிறகுதான் எஞ்சினைக் கிளப்புவான். பீடி குடிப்பதைக்கூட விட்டுவிட்டான். சீட்டுக்கு அடியில் ஒரு கோணிச்சாக்கை மடித்து வைத்திருந்தான்.

மூன்றாவது முறை சொன்னபோது முதலியார் கூடத்து ஊஞ்சலில் இருந்தார். அவர் மனைவி வரலட்சுமி பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

"பத்திகிச்சின்னா ஆபத்து எசமான். டேங்க் எஞ்சினுக்கு மேலயே கீது."

"இன்னொரு வாட்டி இதைச் சொல்லிகினு வந்தே, வேற டிரைவர் பாத்துப்பேன்," என்றார் முதலியார். வரலட்சுமி நிமிர்ந்து இன்னாசியைப் பார்த்தாள். பிறகு பூவைப் பார்த்தாள்.

ஆடி இரண்டாம் வெள்ளி. வரலட்சுமி திருமுல்லைவாயில் கோயிலுக்குக் கிளம்பினாள். துணைக்கு வேலைக்காரி அங்கம்மா. பருத்திப்பட்டு ஏரிக்கரை ஓரமாகப் போகும்போது எஞ்சின் இரண்டு தரம் இருமியது. மூன்றாம் இருமலில் படீரென்று ஒரு சத்தம். பானட்டின் இடுக்குகளிலிருந்து கறுப்புப் புகை வந்தது.

இன்னாசி வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினான். குனிந்து டேங்குக்குக் கீழே இருந்த திருகைத் திருகிப் பெட்ரோலை அடைத்தான். இனி குழாயில் மிச்சமிருப்பது மட்டும்தான் எரியும். அதை மூச்சுமுட்ட வைத்தால் போதும்.

"அம்மா, எறங்குங்க. வண்டி பத்திகிச்சி."

அங்கம்மா கதவைத் திறந்துகொண்டு ஓடியே போனாள். வரலட்சுமி அசையவில்லை. ஏரியில் மடை வேலை செய்துகொண்டிருந்த ஆண்கள் ஏழெட்டுப் பேர் கரைமேல் வந்து நின்றிருந்தார்கள். பூஜைத் தட்டை மடியில் இறுக்கிக்கொண்டு, "அவங்களை அப்பால போவச் சொல்லு, எறங்கறேன்," என்றாள்.

அவர்களைப் பார்க்க இன்னாசிக்கு நேரமில்லை. பானட்டை முழுக்கத் திறந்தால் காற்று புகுந்து தீ எழும் என்று அவனுக்குத் தெரியும். ஒரு சாண் மட்டும் தூக்கி, சாலையோர மண்ணை இரண்டு கையாலும் அள்ளி உள்ளே வீசினான். தீ தணிய ஆரம்பித்தது. அப்போதுதான் வேம்புலி குடத்துத் தண்ணீரோடு ஓடிவந்தான். மடை வேலைக்காரர்களுக்கு மேஸ்திரி அவன், முதலியாரின் குத்தகைக்காரனும்கூட.

"தண்ணி ஊத்தாதே! பெட்ரோலு தண்ணிமேல மெதந்துகினு ஓடும்!"

சொல்லி முடிப்பதற்குள் வேம்புலி ஊற்றிவிட்டான். தீ தண்ணீர்மேல் ஏறிக்கொண்டது. கரைச் சாலை பின்பக்கம் சரிவு. எரிகிற தண்ணீர் வண்டிக்கு அடியில் ஓடி, வரலட்சுமி உட்கார்ந்திருந்த பக்கத்துப் படிக்குக் கீழே போய்த் தேங்கிக் கொழுந்துவிட்டது. வேம்புலி இரண்டாவது குடத்தை வாங்கி ஓங்கினான். இன்னாசி அதைத் தட்டிவிட்டான். குடம் சாலையில் விழுந்து உடைந்தது.

அவன் பின்கதவைத் திறந்தான். வரலட்சுமி வாயைத் திறந்தபடி மரம்போல் உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். அவள் தட்டோடும் தேங்காயோடும் சாலையில் விழுந்தாள். இன்னாசி திரும்பிப் பார்க்கவில்லை. சாக்கை எடுத்து ஏரிச் சேற்றில் முக்கி, பானட்டுக்குள் கையை விட்டு எரியும் இடத்தில் வைத்து அழுத்தினான். சாக்கின் ஓட்டை வழியே தீ வலது உள்ளங்கையைப் பிடித்தது. அவன் கையை எடுக்கவில்லை. உள்ளே அணைந்தது தெரிந்த பிறகு, சாலையில் எரிந்ததன்மேல் மண்ணைத் தள்ளி மூடினான். வெற்றிலை போட்டு மென்று முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

வண்டியில் பெயிண்ட் மட்டும்தான் பொசுங்கியிருந்தது. கட்டை வண்டி பிடித்து அதன் பின்னால் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு திரும்பும்போது, கை எரிச்சலையும் மீறி இன்னாசிக்குச் சந்தோஷமாக இருந்தது. எசமான் ஒரு வார்த்தையாவது சொல்வார் என்று நினைத்தான்.

சாயங்காலம் முதலியார் வீட்டு வாசலில் கூட்டம்.

"எங்களை அணைக்க வுடல எசமான்," என்றான் வேம்புலி. "கொடத்தைத் தட்டி ஒடச்சான். எரிஞ்சி போவட்டும்னு நெனச்சானோ இன்னாவோ. அப்பால அம்மா கையைப் புடிச்சி இஸ்தான். அத்தினி பேரும் பாத்தோம்."

"எசமானுக்கே தெரியும், பெட்ரோலு நெருப்புல தண்ணி ஊத்தக் கூடாது," என்றான் இன்னாசி. "கொழாய் ஒழுவுதுன்னு மூணு வாட்டி..."

"எதுத்துப் பேசாதேடா!"

முதலியாருக்குத் தெரியும். துரையிடம் வண்டி வாங்கியபோது துரை முதலில் சொல்லிக் கொடுத்ததே அதைத்தான். ஆனால் அதை இப்போது சொன்னால் சோப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண்டாட்டியை எந்த வண்டியில் அனுப்பினார் என்று ஊர் கேட்கும். அவர் கதவுக்குப் பின்னால் நின்ற மனைவியின் பக்கம் திரும்பினார்.

"கையைப் புடிச்சானா?"

"புடிச்சான்," என்றாள் வரலட்சுமி.

அது பொய்யில்லை. அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. வண்டிச் சாவியைக் கீழே வைக்கச் சொன்னார்கள், வைத்தான். நல்லபடி வேலை செய்தான் என்று ஒரு சீட்டு எழுதித் தரும்படி கேட்டான். முதலியார் உள்ளே போய்விட்டார்.

வீட்டில் அவன் மனைவி சாராள் அவன் கையைப் பார்த்து அழவில்லை. "உன்னை யாரு அவளை இஸ்க்கச் சொன்னது?" என்றாள்.

"வுட்டிருந்தா கருகியிருப்பா, சாராளு."

"அதை அங்க சொல்றதுக்கு இன்னா?"

"அந்தம்மாவே சொல்லுவாங்கன்னு நின்னேன்."

ஐந்தாம் நாள் அங்கம்மா வந்தாள். முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்த சின்னக் கிண்ணத்தை வெளியே எடுத்தாள். சுண்ணாம்புத் தெளிவும் தேங்காயெண்ணெயும் அடித்துக் கலந்த வெள்ளைக் களிம்பு.

"அம்மா குடுத்தாங்க. எசமானுக்குத் தெரியாது. கை ஆறிட்சான்னு கேட்டாங்க."

"வேற எதுனா சொன்னாங்களா?"

"இல்ல." அங்கம்மா தரையைப் பார்த்தாள். "வண்டி பட்டணம் போயிருக்கு. கொழாயை மாத்தறதுக்கு."

"நீ அங்கதானே இருந்தே? நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னா யாரு கேப்பா? எனக்கும் வயிறுன்னு ஒண்ணு கீது, அண்ணாத்தே."

அவள் போனதும் சாராள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். சாக்கடையில் கொட்டத்தான் போனாள். ஐந்து நாளாக இன்னாசி தூங்கவில்லை. கை முழங்கைவரை வீங்கி, துணி பட்டாலே உயிர் போயிற்று.

"கொட்டாதே. குடு," என்றான்.

சாராள் திரும்பி நின்று அவனைப் பார்த்தாள்.

"எரியுது, சாராளு."

அவள் வந்து உட்கார்ந்தாள். கோழி இறகால் தொட்டுத் தொட்டுத் தடவினாள். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. களிம்பு பட்ட இடமெல்லாம் குளிர்ந்தது. எரிச்சல் அடங்கி, உடம்பு தளர்ந்து, கண் சொருகியது. அந்தச் சுகம் அவனுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

புண் ஆறியது. இரண்டு விரல்கள் நிமிரவில்லை; காருக்கு முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்ப அந்தக் கையால் முடியாது. முடிந்திருந்தாலும் பயனில்லை. பூந்தமல்லியில் அவன் கேட்டுப் போன இடத்துக்கெல்லாம் அவனுக்கு முன்பே பேச்சு போயிருந்தது: முதலாளி சம்சாரத்தைக் கைப்பிடித்து இழுத்தவன். ஐப்பசியில் அவனும் சாராளும் ஆவடிக்குப் போனார்கள். அங்கே ரயில் நிலையத்தில் நெல் மூட்டை இறக்கும் வேலை கிடைத்தது. முன்னால் என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டவர்களிடம் இன்னாசி, ஏர் ஓட்டினேன் என்றான்.