ஒன்பதாவது படம்

என் மனைவியின் முகம் நன்றாக இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. படத்துக்குச் சரிவராது என்றுதான் சொல்லியிருக்கிறேன். இரண்டும் வேறு வேறு. பதினெட்டு வருடமாக இந்த வித்தியாசத்தை விளக்கி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

நான் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவன். ஆளை நிறுத்தி வைத்து வரைந்தால்தான் எனக்குக் கை ஓடும். கூப்பிட்ட நேரத்துக்கு வீட்டில் கிடைக்கிற ஆள் அவள் ஒருத்திதான். துடைப்பத்தைத் தூக்கிப் பிடித்தால் வேல், குடையை மடக்கி ஊன்றினால் மந்திரக்கோல். தளபதியாக நின்றிருக்கிறாள், குதிரையாகக் குனிந்திருக்கிறாள், ஒருமுறை அரை நாள் கையை விரித்துக்கொண்டு மரமாக நின்றாள். உடம்பு அவளுடையது. முகத்தை மட்டும் வேறு யாரிடமிருந்தாவது எடுத்துக்கொள்வேன்.

போன வருடம் ஒரு பதிப்பகத்து அம்மாள் கூப்பிட்டார். நூறு வருடத்துப் பழைய மாயக்கதை ஒன்றைப் பெரிய அளவில், பன்னிரண்டு வண்ணப் படங்களோடு, ஒவ்வொரு படத்தின் மேலும் மெல்லிய தாள் வைத்துக் கொண்டுவரப் போகிறார்களாம்.

"கதை எல்லார் வீட்லயும் இருக்கு சார். அதுக்காக யாரும் இதை வாங்கப் போறதில்ல. படிச்சவங்க மனசுல அந்தச் சூனியக்காரக் கிழவிக்கு ஏற்கெனவே ஒரு முகம் இருக்கும். உங்க படத்தைப் பார்த்ததும் அது மறந்துபோகணும்" என்றார்.

செய்தியைச் சொன்னதும் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எட்டாவது படிக்கறப்பவே இதை மூணு தடவை படிச்சிருக்கேன். பாலத்துல இளவரசி தனியா நிக்கற இடம் வந்தா அது நான்தான்னு நினைச்சுப்பேன். இந்த ஒரு தடவை என் முகத்தைப் போடுங்களேன்."

"போடறேன்."

"என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

"போடறேன்டி, போதுமா."

போடத்தான் நினைத்தேன். ஏழு வாரம் முக்காலி மேல் நின்றாள். முட்டி வீங்கிவிட்டது. கழுத்தும் கைகளும் அற்புதமாக அமைந்தன. அந்த முட்டிக்குத் தைலம் வாங்கப் போன மருந்துக் கடையில் ஒரு பெண் சீட்டைப் படிக்கத் தலையைச் சாய்த்தாள். இளவரசி கிடைத்துவிட்டாள். நான் என்ன செய்ய?

கிழவிதான் வரவில்லை. ஒன்பதாவது படம். தன் மகளை யாரும் கொண்டுபோய்விடக் கூடாது என்று கிழவி அவளைக் கொக்காக மாற்றுகிறாள். கொக்கு தாயை அடையாளம் தெரியாமல் பறந்து போய்விடுகிறது. அதற்குமேல் புத்தகத்தில் இருப்பது ஒரே வரி: கிழவி அழுதாள், சதுப்பு நிலம் வற்றியது. வரைந்து வரைந்து கிழித்தேன். கண்ணாடி முன் நின்று நானே அழுது பார்த்தேன், பல்வலிக்காரனைப் போல இருந்தது. மனைவியை அழச் சொன்னேன். முயற்சி செய்துவிட்டுச் சிரித்துவிட்டாள்.

"அழறதுக்கு ஒரு காரணம் வேணாமா?" என்றாள்.

காரணம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. அவள் தலைக்குக் குளித்துவிட்டு, தோளில் துண்டோடு சமையலறையில் நின்றபோது அவளுடைய தம்பி போன் செய்தான். என் மாமியார் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே விழுந்து போய்விட்டாராம். அவள் போனை மேடையில் வைத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள். வாய் ஒரு பக்கமாகத் திறந்தது. வெகுநேரம் சத்தமே வரவில்லை.

நான் சமையலறை வாசற்படியில் நின்றேன். வரையும்போது நான் தாளைப் பார்க்க மாட்டேன், கண் ஆளைவிட்டு நகராது, கை தன் பாட்டுக்கு ஓடும். உள்ளங்கை அளவு நோட்டு ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். அதை எடுத்தேன். கை கதவுநிலைக்குப் பின்னால் இருந்தது, அவளுக்குத் தெரிந்தது என் கண்கள் மட்டும். பதினோரு பக்கம். தலையைக் கொஞ்சம் நிமிர்த்து என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. வாயை அடக்கிக்கொண்டேன். அந்த அளவுக்கு எனக்கும் ஈவிரக்கம் உண்டு.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா சொல்லுச்சு மாமா. ஒரு வார்த்தை பேசாம, கண்ணை எடுக்காம கூடவே நின்னீங்களாம். ஆறுதல் சொல்ல ஆயிரம் பேர் வருவாங்க. இப்படி நிக்க யாருக்கு வரும்?"

தலையாட்டினேன். வேறு என்ன செய்வது? வந்தவர் போனவரிடமெல்லாம் அவள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டிலும் ஆளே மாறிப்போனாள். கேட்காமலே டீ வந்தது. நான் வேலை செய்யும் அறைக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து காய் நறுக்கினாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் முதல்முறையாக என்னிடம் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

கிழவியின் படத்தைப் பார்த்துவிட்டுப் பதிப்பகத்து அம்மாள் போனிலேயே அழுதார்.

புத்தகம் அச்சாகி வந்த அன்று மனைவி கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு மேசையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பார்த்தாள். நான்காவது படம், பாலத்தில் இளவரசி.

"கை என்னோடது."

"ஆமா."

"முகம்?"

"பதிப்பகத்துல சின்னப் பொண்ணாக் கேட்டாங்க."

கூசாமல் பொய் சொன்னேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, விடுங்க. அன்னைக்கு எங்கூட நின்னீங்களே, அதுக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு விஷயமா."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வெட்கத்தால் இல்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றியவனுக்கு இங்கே ஒரு நல்ல பெயர் இல்லையே என்ற எரிச்சல். சும்மா இருந்திருக்கலாம்.

"உன் முகத்தையும் போட்டிருக்கேன். ஒன்பதாவதைப் பாரு."

முகமெல்லாம் சிரிப்பாகப் பக்கங்களைப் புரட்டினாள். தாளைத் தூக்கினாள்.

"இது கிழவி."

"கிழவிதான். முகம் யாருதுன்னு பாரு."

பார்த்தாள். தோளில் துண்டு கிடந்த இடத்தில் பாசி வரைந்திருந்தேன், மடிப்பு மட்டும் துண்டின் மடிப்பு. இடது கன்னத்தில் ஈர முடி ஒட்டியிருந்தது. அவள் கை தன் இடது கன்னத்துக்குப் போய், அங்கே இல்லாத முடியை ஒதுக்கியது.

"அன்னைக்கு வரைஞ்சிட்டா இருந்தீங்க?"

"நல்லா வந்திருக்கில்ல?"

"நான் உங்களைப் பார்த்துட்டேதாங்க அழுதேன்."

மெல்லிய தாளைப் படத்தின் மேல் இறக்கி, சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டாள். பிறகு அடுப்பைக் கவனிக்கப் போனாள்.

புத்தகம் சக்கைப்போடு போட்டது. அந்தக் கதைக்கே இப்போது அவள் முகம்தான் முகம். இரண்டாம் பாகம் என் மேசையில் இருக்கிறது. அதில் கிழவி சாகிறாள். அதே முகம்தான் வேண்டும் என்று அந்த அம்மாள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மனைவி எனக்குச் சொல்லாமல் தனியாகப் போய் ஏதோ பரிசோதனை செய்துகொண்டு வந்திருக்கிறாள், அதன் முடிவு. போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போனோடு நேராகக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள். நான் கதவருகே போய் நின்றேன்.

"என்ன சொல்றாங்க?"

"ஒண்ணுமில்ல. நீங்க போங்க."

போகவில்லை. உள்ளே தண்ணீர் வெகுநேரம் ஓடியது. அவள் கதவைத் திறந்தபோது என் கை கதவுநிலைக்குப் பின்னால் இருந்தது. அவள் முகத்தை நன்றாகக் கழுவி, அழுந்தத் துடைத்திருந்தாள். அதில் எனக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.