உறவு என்ற கட்டம்

சம்பந்தி ஆகப்போகிறவர் பேசி முடித்த பிறகும் சர்வேயர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. முப்பத்தாறு வருடம் நிலம் அளந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அக்கம்பக்கத்துக்கு அவர் சர்வேயர்தான். கொடுத்த வாக்கை ஒருமுறைகூடத் திரும்ப வாங்கியதில்லை என்பதில் முதுகு நிமிரும் பெருமை அவருக்கு.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"மாப்பிள்ளைப் பையனை உன் மகளோட சர்வர்லேர்ந்து முப்பது நாளைக்கு வெளியே தள்ளிட்டாங்களாம்."

"சர்வரா? எந்த ஓட்டல்ல?"

"ஓட்டல் இல்லடி, அவ ராவும் பகலும் கட்டி அழறாளே, அந்த விளையாட்டு. திருட்டு ஆட்டம் ஆடினான்னு பட்டம் வேற. சாயங்காலத்துக்குள்ள அதை எடுக்கலைன்னா கல்யாணப் பேச்சையே விட்டுடலாங்கிறார்."

"விளையாட்டு வினையாகும்னு கேட்டிருக்கேன். இப்படிப் போன் போட்டுச் சொல்லிட்டு வரும்னு தெரியாது."

மகளின் அறைக் கதவை அவர் தட்டவில்லை. சொந்த வீட்டில் தகப்பன் எதற்குத் தட்ட வேண்டும்? திரையில் ஓர் ஊர் விரிந்து கிடந்தது. எங்கெங்கோ உட்கார்ந்திருக்கும் நாலாயிரம் பேர் கல் கல்லாக அடுக்கிக் கட்டிய ஊர். அங்கே அடிதடியும் ஏமாற்றும் நடக்காமல் காவல் பார்க்கும் எட்டுப் பேரில் மகளும் ஒருத்தி. பெண்ணுக்குப் பிடித்த இடம் என்று தெரிந்து பையனும் 'புயல்' என்ற பெயரில் அங்கே குடியேறி, ஒரு வீடும் கட்டியிருந்தான்.

"மாப்பிள்ளை மேல போட்ட தடையை எடுத்துடும்மா. அவங்க மானம் மட்டுமில்ல, நம்ம மானமும் இதுல இருக்கு."

"போட்டது நான் இல்லப்பா. எடுக்கவும் என்னால முடியாது."

அவள் ஒரு வரைபடத்தைத் திறந்தாள். ஊருக்கு அடியில் ஆளாளுக்குத் தோண்டிய சுரங்கங்கள். தங்கம் எங்கே புதைந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தோண்டித்தான் பார்க்க வேண்டும். மற்றவர்களின் கோடுகள் கோழி கிளறியதுபோல் நாலாபக்கமும் அலைந்தன. புயலின் கோடு மட்டும் பதினொரு முறையும் அம்பாகப் போய்த் தங்கத்தில் முட்டியது. சர்வேயர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். வரைபடம் படிக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"குருட்டாம்போக்குல ஒருத்தன் இவ்வளவு நேரா தோண்ட மாட்டான்," என்று அவர் வாயே சொல்லிவிட்டது.

"கல்லை ஊடுருவிக் காட்டுற புரோகிராம் போட்டிருக்கார்ப்பா. அதுக்கு யாரா இருந்தாலும் முப்பது நாள்."

"யார் முடிவு பண்ணாங்க?"

"மூணு பேர். நான் விலகிட்டேன்."

விலகிய படிவத்தையும் காட்டினாள். அதில் உறவு என்றொரு கட்டம். நண்பர், குடும்பம், வேறு என்று மூன்றே வகை. வேறு என்பதன் எதிரே அவள் எழுதியிருந்தாள்: 'என் அப்பா வாக்குக் கொடுத்திருக்கும் வீட்டுப் பிள்ளை. நான் இதில் பேசக் கூடாது.'

சர்வேயர் அதை இரண்டு முறை படித்தார். தன் வாக்கை இத்தனை கனமாக எவரும் எழுதி அவர் பார்த்ததில்லை. ஒரு காலத்தில் மைத்துனரின் வயலோரம் எல்லைக்கல்லை அரை அடி தள்ளி நட்டது ஞாபகம் வந்தது. சொந்தம் ஆயிற்றே என்று நட்டார். அப்போது அவர் நிரப்பிய படிவத்தில் இப்படி ஒரு கட்டம் இல்லை. இருந்திருந்தால் எழுதியிருப்பாரா?

திரையில் சட்டென்று ஏதோ உதிர்ந்தது. 'ஊமைக்குசும்பன்' என்ற பெயரில் ஆடுகிறவன் புயலின் வீட்டுச் சுவரை இடித்துக்கொண்டிருந்தான். 'திருடனுக்கு என்ன வீடு? அக்கா, இது உங்களுக்காக!' என்று எழுத்துகள் ஓடின.

"தடுத்து நிறுத்தும்மா!"

மகள் இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இதுவும் அவர் சம்பந்தப்பட்டது. நான் தொடக் கூடாதுப்பா."

ஒரு கல் விழுந்தது. இன்னொன்று. அவள் அசையவில்லை, விரல்கள் மட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. அப்போது ஒரு வரி தோன்றியது: 'விதி நான்கு. பிறர் வீட்டை இடித்ததற்கு ஏழு நாள்.' இடித்தவன் நின்ற இடம் காலியானது.

"யாரு அது?"

"பேரு ஆமை. எந்த நாட்டுல இருக்கார்னுகூடத் தெரியாது. புயலை வெளியே அனுப்பின மூணு பேர்ல அவரும் ஒருத்தர்."

கூடத்தில் போன் அடித்தது. "சம்பந்திதான். என்ன சொல்லட்டும்?" என்றபடி மனைவி அதை ஏந்திக்கொண்டு வந்தாள்.

"கொடு, நான் பேசறேன்."

சர்வேயர் நிமிர்ந்து நின்று போனைக் காதில் வைத்தார். "சொல்லுங்க," என்றார். மறுமுனை சொல்லத் தொடங்கியது. அவர் கண் திரையை விட்டு நகரவில்லை. அங்கே ஆமை, ஊரை விட்டு அனுப்பப்பட்டவனின் சுவரை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கல்லையும் முன்பு இருந்த அதே இடத்தில், இம்மியும் பிசகாமல்.